லென்ஸ் நிற்காத கண்கள்: கண்ணாடிக்கடை அக்கா பதில்கள்

சென்ற இதழின் கடைசியில், "கான்டாக்ட் லென்ஸ் உங்கள் கண்ணுக்குச் சரிவராது என்று யாராவது கைவிரித்திருந்தால் எனக்கு எழுதுங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். சுங்கை சிப்புட்டில் என் கடைக்குத் தபால் கொண்டுவருபவர் அதிலிருந்து என்னை முறைத்துப் பார்க்கிறார். பக்கத்து மளிகைக் கடைக்காரர், "எனக்கு மின்சாரக் கட்டண ரசீது மட்டும்தான் வருகிறது, உங்களுக்கு மட்டும் எப்படி அம்மா இத்தனை கடிதம்?" என்று கேட்டே விட்டார். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இடம் போதாது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் வேண்டாம் என்று எழுதியவர்களே அதிகம் என்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: எனக்கு வயது 23. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. பதினேழு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றிக்கொண்டே இருக்கிறேன். கெரட்டோகோனஸ் என்ற கண் நோய் என்று சொன்னார்கள். ஒரு கடையில் கடின லென்ஸ் செய்து கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிளில் போகும்போது ஒன்று பறந்துவிட்டது. இன்னொன்று ஆலை வாசலில் கண் சிமிட்டியபோது விழுந்தது, தேடியும் கிடைக்கவில்லை. தூசி உள்ளே போனால் உயிர் போகிறது. மூன்றாம் முறை போனபோது, "உன் கண் அப்படி, நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிவிட்டார்கள். விட்டுவிடட்டுமா அக்கா? அளவுத் தாள்களின் நகலை இணைத்திருக்கிறேன்.
(வாசகர், கோலகங்சார்)

விட வேண்டாம் தம்பி. "உன் கண் அப்படி" என்ற வாக்கியத்தை முதலில் குப்பையில் போடுங்கள். என் கண்ணும் அப்படித்தான்.

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். அப்பா பால்மரம் வெட்டினார். விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் மரங்களுக்குள் நடந்து போவதை லயத்துத் திண்ணையிலிருந்து பார்ப்பேன். எனக்கு ஒரு விளக்கு போகாது, விளக்குக் கூட்டமே போகும். ஒவ்வொன்றுக்கும் கீழ்ப்பக்கமாக ஒரு வால் தொங்கும். உலகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். பிறகு கோலாலம்பூரில் கண்ணளவையியல் படிக்கும்போது, மாணவர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் கெரட்டோமீட்டரில் அளந்து பழகுவோம். ஒளிவளையம் ஒன்று கண்ணின் மேல் விழுந்து பிரதிபலிக்கும், அதைப் பார்த்து வளைவை அளக்க வேண்டும். என் தோழி அரைமணி நேரம் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வளையம் வட்டமாக வரவே இல்லை, முட்டை மாதிரி கோணிக்கொண்டு நின்றது. கருவி பழுது என்று விரிவுரையாளரைக் கூப்பிட்டாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என்னைக் கேட்டார்: "இரவில் தெருவிளக்கைப் பார்த்தால் எத்தனை தெரியும்?" நான் சொன்னேன்: "ஏழு. எல்லாருக்கும் அப்படித்தானே, ஐயா?"

கருவிழியின் மேல் கடிகாரக் கண்ணாடி போல மூடியிருக்கும் படலம்தான் கார்னியா. நடுவில் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் தடிமன். கெரட்டோகோனஸில் அது மெலிந்து, கூம்பு மாதிரி முன்னால் தள்ளிக்கொள்கிறது. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி முப்பதுகள் வரை, சிலருக்கு அதற்கு மேலும் நகர்ந்துகொண்டே இருக்கும். நம்மவர்களுக்கு இது கொஞ்சம் தாராளமாகவே வருகிறது. இங்கிலாந்தின் லெஸ்டர் வட்டாரத்தில் கணக்கெடுத்தபோது, இந்தியத் துணைக்கண்டத்து வழிவந்தவர்களிடம் வெள்ளையர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு காணப்பட்டது.

கூம்பான கார்னியாவின் முன்னால் எத்தனை மூக்குக் கண்ணாடி மாட்டினாலும் மேடுபள்ளம் மேடுபள்ளமாகத்தான் இருக்கும். மென்மையான லென்ஸ் ஈரத்துணி போல அந்தக் கூம்பின் மேலேயே படிந்து, அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். கடின லென்ஸ் வளைந்து கொடுக்காது. அதற்கும் கண்ணுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிக்கொள்ளும், வெளிச்சத்துக்கு வழவழப்பான புதிய முகம் ஒன்று கிடைத்துவிடும். மேசையில் கிடக்கும் ஊசியை எடுக்க முடியாதவர் நாளிதழின் பொடி எழுத்தைப் படிப்பது இதனால்தான்.

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். இடது கண்ணின் வளைவு 56 என்று இருக்கிறது. சாதாரணக் கண்ணில் 43, 44 இருக்கும். எண் ஏற ஏற வளைவு செங்குத்தாகிறது என்று பொருள். மில்லிமீட்டர் ஆரத்தில் சொன்னால் உங்களுடையது சுமார் 6.0, சராசரிக் கண்ணுடையது 7.8. உங்களுக்குக் கொடுத்த லென்ஸின் உள்வளைவு எவ்வளவு தெரியுமா? 7.20. எலுமிச்சம்பழத்தின் நுனியில் தட்டைக் கவிழ்த்து வைத்தால் நிற்குமா? சிமிட்டும்போதெல்லாம் கீழிமை அதன் விளிம்பைத் தட்டிவிடும். காற்றடித்தால் பறக்கும். தூக்கி நிற்கும் விளிம்புக்கு அடியில் ஆலைத் தூசி விருந்தாளி மாதிரி நுழையும். குற்றம் உங்கள் கண்ணில் இல்லை, அலமாரியில் இருந்த அளவை எடுத்துக் கொடுத்ததில் இருக்கிறது.

பொருத்தம் பார்ப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், அடுத்த முறை நீங்களே கேட்கலாம். சோதனை லென்ஸைப் போட்டு, ஃபுளோரசின் என்ற மஞ்சள் சாயம் தோய்ந்த காகிதத்துண்டை இமைக்குள் தொட்டு எடுப்போம். பிறகு விளக்கை அணைத்து நீல ஒளியைப் பாய்ச்சுவோம். கண்ணீர் தேங்கிய இடமெல்லாம் வாழைக்குருத்து போலப் பச்சையாக ஒளிரும். லென்ஸ் கண்ணைத் தொடும் இடம் கறுப்பாகத் தெரியும். நடுவில் காசு அளவுக்கு அழுத்தமான கறுப்புத் தெரிந்தால் லென்ஸ் கூம்பின் மேல் உட்கார்ந்து தேய்க்கிறது, நாளடைவில் அங்கே தழும்பு விழும். நடுவில் மெல்லிய தொடுகை, ஓரங்களில் மெல்லிய தொடுகை, விளிம்பைச் சுற்றிப் பச்சை நூல் கட்டியது போல ஒரு வளையம்: இப்படி வந்தால் எனக்கு அன்று மத்தியானச் சாப்பாடு கூடுதலாக இறங்கும். முதல் லென்ஸிலேயே வந்துவிடாது. நான்காவது, ஐந்தாவது சோதனை லென்ஸில் வருவது சாதாரணம். அதற்குப் பொறுமை இல்லாத இடத்தில் உட்கார்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

சிறிய கடின லென்ஸ் எவ்வளவு திருத்தியும் நிற்கவில்லை என்றால், அடியில் ஒரு மெல்லிய மென் லென்ஸை மெத்தையாகப் போட்டு அதன் மேல் கடின லென்ஸை வைக்கலாம். நடுவில் கடினமும் சுற்றிலும் மென்மையுமாகச் சேர்த்துச் செய்த லென்ஸும் உண்டு. ஆனால் தூசியில் வேலை செய்பவர், மோட்டார் சைக்கிளில் போகிறவர் என்பதால், உங்களுக்கு நான் கேட்டுப் பார்க்கச் சொல்வது ஸ்கிளீரல் லென்ஸ். 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானது. கார்னியாவைத் தொடாமல் தாண்டி வெள்ளைவிழியின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதற்கும் கண்ணுக்கும் இடையில் உப்புநீர் நின்றுகொண்டே இருக்கும். அடியில் தூசி போக வழி கிடையாது, பறந்து விழுவதும் கிடையாது. விலைதான் இடிக்கும். ஒரு ஜோடி, இப்போதைய குறைந்தபட்ச மாதச் சம்பளமான 1,700 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

ஆனால் லென்ஸைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. உங்கள் பழைய தாளையும் புதிய தாளையும் வைத்துப் பார்த்தால் வளைவு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் பார்வையைத் தரும், நோயை நிறுத்தாது. நிறுத்த உதவுவது கிராஸ்லிங்கிங் என்ற சிகிச்சை. ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டை ஊறவிட்டு, புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிக் கார்னியாவின் இழைகளை ஒன்றோடொன்று இறுகக் கட்டுவார்கள். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் 1990களின் கடைசியில் தொடங்கிய முறை. படலம் மிகவும் மெலிந்துபோனால் அதைச் செய்வது கடினம், ஆகவே தள்ளிப்போடக் கூடாது. கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசுச் சுகாதார நிலையத்துக்கு ஒரு ரிங்கிட்டோடு போய், ஈப்போ பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அங்கே போவதற்கு எத்தனை நாள் முன்னால் லென்ஸைக் கழற்றவேண்டும் என்று கேட்டுக்கொண்டு போங்கள். கடின லென்ஸ் கார்னியாவை அழுத்தி வைத்திருக்கும் என்பதால், கழற்றிச் சில வாரம் கழித்து எடுத்தால்தான் உண்மையான அளவு வரும்.

இன்னொன்று. கடிதத்தில் "கண் எப்போதும் அரிக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கசக்குகிறீர்கள், இல்லையா? விரல் முட்டியை மடக்கி அழுத்திக் கசக்குவீர்கள், நானும் அப்படித்தான் செய்தேன், சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகம் கார்னியாவை இன்னும் தள்ளிவிடுகிறது. குளிர்ந்த துணியை மூடிய கண்ணில் வையுங்கள், ஒவ்வாமைக்கு மருத்துவரிடம் சொட்டுமருந்து வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டு சொட்டு வேண்டவே வேண்டாம், அது கண் அழுத்தத்தை ஏற்றும், கண்புரையைக் கொண்டுவரும். தம்பி, தங்கை இருந்தால் அவர்களுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு ஸ்கிளீரல் லென்ஸ் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. போடவே வரவில்லை. நாற்பது நிமிடம் போராடி அழுதுவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.
(வாசகி, தாப்பா)

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் நிமிர்ந்து நின்றுகொண்டு போடுகிறீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அப்படிப் போட்டால் உப்புநீர் கொட்டிவிடும், காற்றுக்குமிழி உள்ளே மாட்டிக்கொள்ளும். குமிழி மாட்டினால் பார்வையில் ஒரு நிலா மிதக்கும், கண் உறுத்தும், மறுபடி கழற்ற வேண்டும். முதல் மாதம் எனக்கும் அப்படித்தான் ஆனது. கணவர் கதவைத் தட்டி "வேலைக்குப் போகும் எண்ணம் உண்டா?" என்று கேட்பார்.

இப்படிச் செய்யுங்கள். மேசை மேல் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் சிறிய கண்ணாடி ஒன்றைப் படுக்கவையுங்கள். கை கழுவி, பஞ்சு ஒட்டாத துணியால் நன்றாகத் துடையுங்கள். லென்ஸை ரப்பர் உறிஞ்சியின் மேல் நிறுத்தி, பாதுகாப்பு இரசாயனம் கலக்காத உப்புநீரை ஊற்றுங்கள். விளிம்பு வரை போதாது. அகல்விளக்கில் எண்ணெய் வழியத் தயாராக நிற்குமே, அப்படிப் புடைத்து நிற்க வேண்டும். இப்போது முதுகை வளைத்து முகத்தைத் தரைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். மூக்கு நுனி நேர்கீழே பார்க்க வேண்டும். ஒரு கையால் இரண்டு இமையையும் அகல விரித்து, லென்ஸின் நடுவையே பார்த்துக்கொண்டு மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். நீர் தொட்டவுடன் கண் மூடத் துடிக்கும். அங்கேதான் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் இன்னும் ஒரு மில்லிமீட்டர் அழுத்தி, இமைகளை விட்டு, பிறகு உறிஞ்சியை எடுங்கள். கொஞ்சம் உப்புநீர் துண்டில் சிந்தினால் நல்ல சகுனம்.

கழற்றும்போது லென்ஸின் நடுவில் உறிஞ்சியை வைத்து இழுத்தால் வராது, வலிக்கும். கீழ்விளிம்பு ஓரமாக ஒட்டவைத்து, தகர மூடியை நெம்புவது போல மேல்நோக்கித் தூக்குங்கள். மத்தியானத்துக்கு மேல் பார்வை பனி மூடியது போல மங்கினால் பயப்பட வேண்டாம், உள்ளே இருக்கும் நீர் கலங்கியிருக்கிறது. கழற்றி, கழுவி, புதிதாக நிரப்பிப் போடுங்கள். தினமும் அப்படி ஆனால் பொருத்தத்தைத் திருத்தச் சொல்லிக் கொடுத்தவரிடமே போங்கள்.

"இது ஏதோ புதுச் சங்கதி, பயமாக இருக்கிறது" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் கான்டாக்ட் லென்ஸ் குடும்பத்தில் மூத்தவரே இவர்தான். 1888 இல் அடோல்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் எழுதிவைத்த லென்ஸ், ஊதிச் செய்த கண்ணாடியால் வெள்ளைவிழியில் உட்காரும் வகை. உள்ளே சர்க்கரைக் கரைசலை ஊற்றிப் போட்டார்கள். சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாதாம். உங்களுடையது காற்று புகும் பொருளில் செய்தது, அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர்.

கேள்வி: நான் ஆசிரியை. சிலிண்டர் பவர் 3.50. மென்மையான டோரிக் லென்ஸ் போட்டால் பலகையில் எழுத்து ஒரு நொடி தெளிவாகவும் மறுநொடி மங்கலாகவும் தெரிகிறது. "பழகிவிடும்" என்கிறார்கள். மூன்று மாதமாகப் பழகவில்லை.
(வாசகி, தெலுக் இந்தான்)

பழகாது டீச்சர். இது பழக வேண்டிய விஷயமே இல்லை. கண்ணின் வளைவு ஒரு திசையில் அதிகமாகவும் இன்னொரு திசையில் குறைவாகவும் இருப்பதைத் திருத்துவதுதான் சிலிண்டர் பவர். அதைத் தரும் டோரிக் லென்ஸ் கண்ணில் ஒரே திசையில் நிற்க வேண்டும். அதற்காகக் கீழ்ப்பக்கத்தைக் கனமாகச் செய்திருப்பார்கள், ஒரு சிறு கோடும் போட்டிருப்பார்கள். உங்கள் இமை இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு சிமிட்டலிலும் அது சுழன்றுவிடும். 10 பாகை சுழன்றால் சிலிண்டர் பவரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். 30 பாகை சுழன்றால் லென்ஸ் போட்டதும் போடாததும் ஒன்று. உங்களுக்குச் சிலிண்டர் பவர் அதிகம், அதனால் சின்னச் சுழற்சியே உங்களைக் கெடுக்கும்.

இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, பெட்டியில் போட்டிருக்கும் சிலிண்டர் பவர் எவ்வளவு? கடை அலமாரியில் தயாராக இருப்பவை பெரும்பாலும் 2.25 அல்லது 2.75 வரைதான். உங்களுக்கு 2.75 கொடுத்துவிட்டு "அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருக்கக்கூடும். அதற்கு மேற்பட்டது சொல்லிவைத்துச் செய்விக்கும் லென்ஸ், வர நாளாகும். இரண்டு, அந்தக் கோடு எங்கே நிற்கிறது? கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் விளக்கில் பார்த்துச் சொல்லும்படி அவர்களைக் கேளுங்கள். எப்போதும் ஒரே பக்கம் ஒரே அளவு சாய்ந்து நின்றால், அந்தச் சாய்வைக் கணக்கில் சேர்த்து வேறு ஆக்சிஸில், அதாவது வேறு கோணத்தில், வரவழைக்கலாம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மென் லென்ஸை மறந்துவிட்டுக் கடின லென்ஸுக்கு வாருங்கள். முதல் இரண்டு வாரம் கண்ணில் இமைமயிர் விழுந்தது போல இருக்கும், திட்டுவீர்கள். பிறகு கடைசி வரிசைப் பையன் மேசைக்கடியில் என்ன செய்கிறான் என்று தெரியும்.

மென் லென்ஸைக் கண்டுபிடித்தவரைப் பற்றி ஒரு வார்த்தை. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் நாட்களில் தன் வீட்டுச் சமையலறையில், பிள்ளைகள் விளையாடும் கட்டுமானத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து ஒரு சுழல்பொறி செய்து, அதில்தான் முதல் லென்ஸ்களை வார்த்தார். நம் வீட்டில் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானைத் தொட்டால் என்ன கூச்சல் எழும் என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி: என் மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். சாம்பல் நிற லென்ஸ் இரவுச் சந்தையில் 15 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. ஒரு நாளுக்குத்தானே?
(வாசகி, சுங்கை சிப்புட்)

கூடாது அம்மா. 1991 ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டப்படி, பதிவுபெறாதவர் கான்டாக்ட் லென்ஸ் விற்பது குற்றம். சட்டம் கிடக்கட்டும், அந்தத் தள்ளுவண்டிக்காரர் உங்கள் மகளின் கண் வளைவை அளந்தாரா? இறுக்கமான லென்ஸுக்கு அடியில் சூடோமோனாஸ் கிருமி புகுந்தால் கார்னியாவைக் கரைக்க இரண்டு நாள் போதும். தோழிகளோடு மாற்றிப் போடுவது இன்னும் மோசம். ஆசையாக இருந்தால் ஒரு மாதம் இருக்கிறது, முறையாகக் கண்ணை அளந்து, தினசரி எறியும் நிற லென்ஸ் வாங்கிக்கொடுங்கள். முகூர்த்தத்தன்று முதலில் லென்ஸ், பிறகுதான் மை. என்னைக் கேட்டால் மணப்பெண்ணுக்கு அவள் சொந்தக் கறுப்பு விழி போதும், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

கேள்வி: என் கணவர் செம்பனைக் குலை அறுப்பவர். மூன்று வருடத்துக்கு முன் மட்டையின் முள் வலது கண்ணில் கிழித்துவிட்டது. பூஞ்சைப் புண்ணாகி, மருந்தில் ஆறியது. தழும்பு இருக்கிறது. கண்ணாடி போட்டும் அந்தக் கண்ணில் எழுத்து கலைந்து தெரிகிறது. இதற்கு லென்ஸ் உதவுமா?
(வாசகி, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம்)

ஆறியதே பெரிய விஷயம் அம்மா. செடிகொடி கீறிய கண்ணில் பூஞ்சை பிடித்தால் எத்தனை மாதம் சொட்டுமருந்து ஊற்ற வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பழைய நாள்காட்டி அட்டையில் ஊக்கால் ஒரு துளை போடுங்கள், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். இடது கண்ணை மூடிக்கொண்டு, அவருடைய கண்ணாடியைப் போட்டபடியே, அந்தத் துளை வழியாக எதிர்ச் சுவரில் இருக்கும் நாள்காட்டியின் எண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். துளை வழியாகத் தெளிவு கூடினால், பார்வையைக் கெடுப்பது தழும்பின் மங்கல் மட்டும் இல்லை, தழும்பு இழுத்துக் கோணலாக்கிய வளைவும்தான். அந்தக் கோணலைக் கடின லென்ஸோ ஸ்கிளீரல் லென்ஸோ மறைத்துவிடும். துளை வழியாகவும் அதே மங்கல் என்றால், தழும்பு நடுவில் திரைபோட்டிருக்கலாம். அது அறுவை மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம். நாலாவது வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு என் கடையில் இந்தத் துளைச் சோதனையைக் காட்டியபோது, "அட்டையிலேயே கண்ணாடி செய்து கொடுத்துவிடேன் பிள்ளை, மலிவாக முடியும்" என்றார்.

லென்ஸ் கிடைத்தாலும் அது கவசம் ஆகாது. அண்ணாந்து அரிவாள் கம்பை இழுக்கும்போது காய்ந்த பூவும் பூச்சியும் மண்ணும் நேரே முகத்தில் கொட்டும். காட்டு வேலைக்குப் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வியர்வையில் மூடுபனி பிடிக்கிறது என்று கழற்றி நெற்றியில் மாட்டிக்கொள்வார், தெரியும், இரண்டு மாற்றுக் கண்ணாடி கொடுத்து அனுப்புங்கள். வேலையில் பட்ட காயம் என்பதால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் விண்ணப்பித்தாயிற்றா? இல்லையென்றால் பழைய மருத்துவக் குறிப்புகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: வயது 47. தோட்ட அலுவலகத்தில் கணினி வேலை. இருபது வருடம் போட்ட லென்ஸ் இப்போது மத்தியானம் மூன்று மணிக்கே காய்ந்து ஒட்டுகிறது.
(வாசகி, பீடோர்)

அந்த வயதில் கண்ணீர் குறைவது இயல்பு. குளிரூட்டியும் சிமிட்டாமல் திரையைப் பார்ப்பதும் மீதியைச் செய்துவிடும். தினசரி எறியும் லென்ஸுக்கு மாறுங்கள். இரவில் வெதுவெதுப்பான துணியைப் பத்து நிமிடம் இமைமேல் வைத்து, இமையோரத்தை மெதுவாக நீவிவிடுங்கள். அங்கிருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டால் உள்ள கண்ணீரும் ஆவியாகிவிடும். சளி, ஒவ்வாமை மாத்திரைகள் கண்ணைக் காயவைக்கும். வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது வேறு நோயாக இருக்கலாம்.

கேள்வி: லென்ஸ் திரவம் தீர்ந்துவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு வைக்கலாமா? எங்கள் தொட்டித் தண்ணீர் சுத்தமானதுதான்.
(வாசகர், சுங்கை பட்டாணி)

கூடாது. குழாய், தொட்டி, கிணறு, ஆறு எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரி இருக்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் பளிங்கு போலத்தான் இருக்கும். 1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் கரைத்து வீட்டிலேயே உப்புநீர் செய்த லென்ஸ்காரர்கள் பலருக்கு இந்தத் தொற்று வந்தது. பல மாதம் மருந்து ஊற்ற வேண்டும், அதன் பிறகும் பார்வை திரும்பும் என்ற உறுதி இல்லை. திரவம் தீர்ந்தால் கண்ணாடி போடுங்கள். லென்ஸோடு குளிக்காதீர்கள். பழைய திரவத்தின் மேல் புதியதை ஊற்றாதீர்கள், டப்பாவைக் கொட்டிக் கவிழ்த்துக் காயவையுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூக்கி எறியுங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சத்துக்குக் கூசினால் லென்ஸைக் கழற்றி, டப்பாவோடு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் வரை பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம்.

கேள்வி: கெரட்டோகோனஸுக்காகக் கடின லென்ஸ் போடும் நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டால் கண் அழுதுவிடுகிறது. உங்களுக்கும் இதே நோய் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?
(வாசகி, ஈப்போ)

நன்றாகச் சமாளிக்கவில்லை. வலது கண்ணில் ஸ்கிளீரல், அதற்குக் கவலை கிடையாது. இடது கண்ணில் இன்னும் சிறிய கடின லென்ஸ்தான். அதற்குள் ஒரு பொடி திருநீறு போனால் சன்னிதி இரண்டாகத் தெரியும். எங்கள் கோயில் குருக்கள் தாராளமானவர், கை நிறைய அள்ளி நெற்றியில் தட்டுவார். இப்போது அவர் கை வருவதற்கு முன்பே நான் தலையைக் குனிந்து, கண்ணை இறுக மூடி, பூசியபின் கைக்குட்டையால் புருவத்துக்குக் கீழே ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் திறப்பேன். கைப்பையில் இரண்டு பொருள் எப்போதும் உண்டு: சிறிய உப்புநீர்க் குப்பி, லென்ஸ் டப்பா. தைப்பூசத்தன்று மட்டும் இடது லென்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன். அந்தக் கண்ணுக்கு அன்று ஒவ்வொரு தீபமும் ஏழாகத் தெரியும்.